தலைக்கு வெந்நீர் ஊத்தாதீங்க!

தீபாவளின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டாசு, புது டிரெஸ், முதல் நாள் முதல் ஷோ... ஓகே, ஓகே! எனக்கு ஒரு சாவிக்கொத்துதான் ஞாபகம் வரும்.

அப்போ நான் ஆறாம் வகுப்பு. விடியக்காலை நாலரை மணி. எங்க ஓசூர்ல அந்த நேரத்துக் குளிர் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். பாட்டி தலை நிறைய நல்லெண்ணெய் வச்சு, சீயக்காய் தேய்ச்சு, அண்டாவுல இருந்து வெந்நீரை சொம்பு சொம்பா மொண்டு ஊத்திட்டு இருந்தாங்க. நாலாவது சொம்போ, அஞ்சாவது சொம்போ... அதோட கட்!

கண்ணைத் திறந்தா, ஈரத் துண்டோட திண்ணையில கிடக்குறேன். வலது கையில பீரோ சாவி, வாசக் கதவு சாவி, அப்பா வண்டி சாவி எல்லாம் ஒரே கொத்தா திணிச்சிருக்கு. நாக்கு ஓரத்துல ரத்தம். சுத்தி பத்துப் பேர். 'புள்ளைக்கு காத்துக் கருப்பு அடிச்சிருச்சு'ன்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்றது, கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி கேட்டுச்சு.

இரும்பைக் கையில குடுத்ததாலதான் வலிப்பு நின்னுச்சுன்னு எங்க தெருவே இன்னிக்கும் நம்புது. உண்மை என்ன தெரியுமா பாஸ்? பெரும்பாலான வலிப்பு ரெண்டு, மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும். சாவியைத் தேடி எடுத்துட்டு ஓடி வர்றதுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். க்ரெடிட் மட்டும் சாவிக்குப் போயிடுது!

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு. மூணாவது தடவை கை, கால் இழுக்கலை. சும்மா சுவரையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு, வாய்க்குள்ள என்னவோ முணுமுணுத்துட்டு நின்னேனாம். மூணும் தலைக்கு ஊத்துன அன்னிக்குத்தான் வந்துச்சுங்கிறதைக் கண்டுபிடிச்சது எந்த டாக்டரும் இல்லை, எங்க அம்மா! ஊர்ல பார்த்த முதல் டாக்டர்கிட்ட இதைச் சொன்னப்போ, "வெந்நீர்ல குளிச்சா வலிப்பு வருமா? கதை விடாதீங்கம்மா"ன்னு சிரிச்சிட்டு ஒரு டானிக் எழுதிக் குடுத்தார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டுக்குப் பேரே ஓசூர் ரோடுதான். எங்க ஊர் பேரு போட்ட ரோட்டுலயே மருந்து இருந்திருக்கு, எங்களுக்குத்தான் தெரியலை! அங்கே இருந்த டாக்டர் சிரிக்கலை. "தண்ணி எவ்ளோ சூடு? சொம்பா, ஷவரா? தலைக்கு ஊத்துனப்போ மட்டுமா, உடம்புக்கு ஊத்துனாலுமா?"ன்னு வரிசையா கேட்டார். அவர் கேட்ட கேள்விகள்லயே அம்மா பாதி தெளிஞ்சுட்டாங்க. நம்ம பையன் மட்டும் இல்லை, இதை ஏற்கெனவே பார்த்தவங்க இருக்காங்கன்னு புரிஞ்சுபோச்சு.

இந்த மேட்டருக்குப் பேரே 'ஹாட் வாட்டர் எபிலெப்ஸி'. வெந்நீர் வலிப்பு. 1945-ல நியூசிலாந்துலதான் இப்படி ஒரு கேஸ் முதல்முதலா பதிவாச்சு. ஆனா, உலகத்துலயே இது அதிகமா தென்படுற இடம், தெற்கு கர்நாடகாவும் அதை ஒட்டின பகுதிகளும். ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். 40-ல இருந்து 50 டிகிரி சூட்டுல இருக்கிற தண்ணியைக் கடகடன்னு தலையில ஊத்துறப்போ வருது. நம்ம ஊர் எண்ணெய்க் குளியலுக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி ஒரு வியாதி! நிம்ஹான்ஸ் இயக்குநரா இருந்த டாக்டர் சதீஷ்சந்திரா பல வருஷமா இதை ஆராய்ச்சி பண்ணினவர். மூளையோட வெப்பம் சடார்னு ஏறுறதை இவங்க உடம்பால சமாளிக்க முடியலைங்கிறதுதான் அவங்க குழு சொல்ற விளக்கம்.

டாக்டர் கடைசியா ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு, தண்ணியை வெதுவெதுப்பா வச்சுக்கோ. தலைக்குக் குளிக்கிறதுக்கு ஒண்ணரை, ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு க்ளோபஸாம் மாத்திரை போட்டுக்கோ. (இது எனக்கு எழுதுன சீட்டு மக்களே! நீங்களா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க.) ரெண்டாவதா, "சில பேருக்கு இது வர்றப்போ ஒருமாதிரி நல்லாயிருக்கும். நிறுத்த மனசில்லாம மேல மேல ஊத்திக்கிட்டே இருப்பாங்க. நீ அப்படிப் பண்ணாதே"ன்னார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "ஃபேமிலியில வேற யாருக்காவது உண்டா?"

"இல்லை சார்"னு அப்பா. "இல்லைங்க"ன்னு அம்மா. பாட்டி வாயே திறக்கலை.

திரும்பி வர்ற பஸ்ல, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டினப்புறம்தான் பாட்டி மெதுவா ஆரம்பிச்சாங்க. "என் தம்பி இருந்தான்ல... அவன் வெந்நீ அண்டாகிட்ட உக்காந்தா எந்திரிக்க மாட்டான். அண்டா காலியாகுற வரைக்கும் ஊத்திக்கிட்டே என்னவோ பேசிட்டு இருப்பான். முனி புடிச்சிருக்குன்னு கயிறு கட்டினோம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பாட்டி என் காதுகிட்ட வந்து, "இதை எங்கேயும் சொல்லாதடா சாமி. நாளைக்கு உங்க அக்காவைக் கட்டிக் குடுக்கணும்"னாங்க. அக்காவுக்கு அப்போ பதினேழு வயசு. ப்ளஸ் டூ!

அந்த ரகசியத்தை எட்டு வருஷம் காப்பாத்துனேன். காலேஜ்ல சேர்ந்து, ட்ரிபிள்-ஈ ரெண்டாவது வருஷம் லேப்ல ஆப்-ஆம்ப் கம்பேரேட்டர் சர்க்யூட் போட்டப்போதான் எனக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சுது. அந்த சர்க்யூட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் செட் பண்ணுவோம்ல? இன்புட் அதுக்குக் கீழே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அவுட்புட் அசையாது. கோட்டைத் தாண்டுச்சுன்னா, டக்குன்னு தலைகீழா மாறிடும். மனுஷ மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வலிப்புங்கிறது ஏதோ தனி ஜாதி மூளைக்கு மட்டும் வர்றது இல்லை. ரத்தத்துல சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போனாலோ, தலையில பலமா அடிபட்டாலோ உங்களுக்கும் வரலாம். எல்லாருக்கும் ஒரு கோடு இருக்கு. சிலருக்கு அந்தக் கோடு கொஞ்சம் கீழே இருக்கு. எனக்கு, அஞ்சு சொம்பு வெந்நீர் உயரத்துல!

அந்தக் கோட்டைக் கீழே இறக்குறது யாரு? இங்கேதான் ஜீன் வருது. பெங்களூரு ஜக்கூர்ல ஜவஹர்லால் நேரு சென்டர்னு ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே பேராசிரியர் அனுரஞ்சன் ஆனந்த் குழுவும் நிம்ஹான்ஸ் டாக்டர்களும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையா வெந்நீர் வலிப்பு இருக்கிற தென்னிந்தியக் குடும்பங்களோட டி.என்.ஏ-வை அலசினாங்க. 2009-ல ஒரு குடும்பத்துல பத்தாவது குரோமோசோமைக் கை காட்டுச்சு. இன்னொரு குடும்பத்துல நாலாவது குரோமோசோம். அப்புறம் சில குடும்பங்கள்ல எஸ்.எல்.சி1ஏ1-னு ஒரு ஜீன்ல அபூர்வமான மாற்றங்கள் சிக்குச்சு. அந்த ஜீனோட வேலை என்னன்னா, துப்புரவு. மூளை செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க குளூட்டமேட்னு ஒரு கெமிக்கலைத் தூது விடும். பேசி முடிச்சதும் அதைக் கூட்டி அள்ளணும். அள்ளலைன்னா பேச்சு நிக்காது, கூச்சலாயிடும். அள்ளுற ஆள் கொஞ்சம் மந்தமா இருந்தா, வெந்நீர் மாதிரி ஒரு சின்ன கலாட்டாவே போதும்.

ஒரே வியாதி, ஆனா வீட்டுக்கு வீடு வேற ஜீன்! இன்னொண்ணையும் கேளுங்க. வெந்நீர் வலிப்பு உள்ளவங்கள்ல, குடும்பத்துல வேற யாருக்காவது வலிப்பு இருக்குன்னு சொல்றவங்க, ஆராய்ச்சியைப் பொறுத்து 7-ல இருந்து 22 சதவிகிதம்தான். மிச்சப் பேருக்கு வீட்டுல யாருக்குமே இல்லை. (இல்லையா, இல்லைன்னு சொல்லிட்டாங்களா? எங்க பாட்டி வாயைத் திறக்காம இருந்திருந்தா, நானும் அந்த 'யாருக்கும் இல்லை' லிஸ்ட்லதான் போயிருப்பேன்.)

பொதுவா வலிப்பு நோய் எடுத்துக்கிட்டாலும் இதே கதைதான். ஒரே ஒரு ஜீன்ல தப்பு நடந்து வர்ற வகைகள் இருக்கு. ஆனா அது சின்னப் பங்கு. 2023-ல உலகம் முழுக்க இருந்து, வலிப்பு உள்ள சுமார் 30,000 பேரோட மரபணுவை, வலிப்பு இல்லாத 52,000-க்கும் மேற்பட்டவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வித்தியாசம் தெரிஞ்ச இடங்கள் 26. ஒவ்வொண்ணும் கோட்டை ஒரு நூல் அளவு இறக்குது, அவ்வளவுதான். அதுல பல மாற்றங்கள் நல்லா இருக்கிற ஆளுங்ககிட்டயும் சாதாரணமா கிடக்கு. இதைப் படிக்கிற உங்ககிட்டயும் நாலஞ்சு இருக்கலாம். வெல்கம் டு த க்ளப்!

சரி, இந்த தியரி எல்லாம் போன வருஷம் மே மாசம் பரீட்சைக்கு வந்துச்சு. அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க.

நல்ல இடம். பையன் பேங்க்ல வேலை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பொண்ணு பார்க்க வர்றதுக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா என்கிட்ட வந்து, "தம்பி, கிருஷ்ணகிரி சித்தப்பா வீட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வர்றியா?"ன்னார். சித்தப்பா வீட்டுல எனக்கு ஒரு வேலையும் கிடையாதுன்னு அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிப்பா"ன்னு பையை எடுத்துக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டுவந்து விட்டவர், பஸ் கிளம்புற வரைக்கும் நின்னார். ரெண்டு பேரும் கிரிக்கெட் பத்திப் பேசினோம்.

மறுநாள் நம்ம வீட்டுல பஜ்ஜி, கேசரி. நான் கிருஷ்ணகிரியில தயிர் சாதம். (அதுதாங்க ரொம்ப வலிச்சுது!)

அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சு ஒரு ஆட்டம் ஆடிட்டா. அன்னிக்கு ராத்திரியே மாப்பிள்ளைக்கு போன் போட்டு, "என் தம்பின்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்கு இப்படி ஒரு பிரச்னை இருக்கு. அதுக்காக அவனை ஒளிச்சு வச்சாங்க. எனக்குப் பிடிக்கலை, அதான் சொல்றேன்"னு போட்டு உடைச்சுட்டா. அவர் நல்லவிதமாதான் பேசியிருக்கார். ரெண்டு நாள் கழிச்சு அக்கா எனக்கு போன் பண்ணினா.

"டேய், அவங்க அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. இது பரம்பரை வியாதியா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தையில சொல்லு."

"அக்கா, அது அப்படி..."

"ஒரே வார்த்தைடா!"

'இல்லை'ன்னு சொல்லியிருக்கலாம். கல்யாணம் நடந்திருக்கும். ஆனா பாட்டியோட தம்பி? 'ஆமா'ன்னு சொன்னா அதுவும் பொய். அந்த அம்மா காதுல 'ஆமா'ங்கிறது 'உன் பேரனுக்கு நிச்சயம் வரும்'னு விழும். நான் என்ன பண்ணினேன்னா, ஏழு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அமெரிக்காவுல ரோச்செஸ்டர்ங்கிற ஊர்ல வலிப்பு உள்ளவங்களோட அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் கணக்கெடுத்து, 2014-ல வெளியிட்டாங்க. நாப்பது வயசுக்குள்ள அவங்கள்ல வலிப்பு வர்றவங்க, 100-க்கு ஏறக்குறைய 5 பேர். மத்தவங்களைவிட மூணு மடங்குக்கு மேல அதிகம்தான். ஆனா மீதி 95 பேருக்கு வரவே இல்லை. அதுவும் அது எல்லா வகை வலிப்பும் சேர்ந்த கணக்கு. எங்க அக்காவுக்கு இருபத்தாறு வயசு வரைக்கும் ஒரு தடவைகூட வந்தது இல்லை. அவளுக்குப் பிறக்கப் போற குழந்தைக்கு நான் தாய்மாமன், இன்னும் ஒரு படி தள்ளி. ஜீன் மாற்றத்தைச் சுமந்துக்கிட்டு, ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகாம இருக்கிறவங்களும் உண்டு. எங்க அம்மாவே அப்படி ஒருத்தங்களா இருக்கலாம்... இப்படி எல்லாம் சொன்னேன்.

'தம்பி நல்லாப் பேசுறார்'னு பதில் வந்துச்சு. நாலு நாள் கழிச்சு தரகர் மூலமா, 'ஜாதகத்துல ஏதோ இடிக்குது'ன்னு இன்னொரு பதில் வந்துச்சு. எட்டுப் பொருத்தம் இருந்த ஜாதகத்துல எந்தக் கிரகம் எப்போ இடம் மாறுச்சுன்னு தெரியலை!

ஒரு காலத்துல இந்து திருமணச் சட்டத்துலயே, அடிக்கடி வலிப்பு வர்றவங்களோட கல்யாணத்தைக் கோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணலாம்னு இருந்துச்சு. 1999 டிசம்பர்ல அந்த வார்த்தையைச் சட்டத்துல இருந்து தூக்கிட்டாங்க. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே! அந்தச் சட்டமும் வலிப்பு உள்ள ஆளைப் பத்திதான் பேசுச்சு. அவரோட அக்காவைப் பத்தி எந்தச் சட்டத்துலயும் ஒரு வரி கிடையாது.

அம்மா, "உன்னாலதான்"னு சொல்லலை. ஆனா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாவது நாள் ராத்திரி, பாட்டி வெத்தலைப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க: "என் கல்யாணத்தப்போ என் தம்பியை ரெண்டு நாள் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி இருந்த ரூம்ல போட்டுப் பூட்டி வச்சாங்க. நான் மணையில உக்காந்திருக்கேன், அவன் கதவைத் தட்டுற சத்தம் எனக்குக் கேக்குது. மேளக்காரரை நல்லாத் தட்டச் சொன்னாங்க." அப்பா எந்திரிச்சு வெளியே போயிட்டார். வர ரொம்ப நேரமாச்சு.

'ஏம்ப்பா, டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டா ஒரே வார்த்தையில பதில் கிடைச்சிடுமே?'ன்னு நீங்க கேக்கலாம். நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். "உன் வகைக்கு இதுதான் ஜீன்னு ஒண்ணே ஒண்ணைக் கை காட்ட முடியாது. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும், உனக்கு இல்லைன்னு ஆகாது. மருந்தும் மாறாது"ன்னார். ஆனா, சில வகைகளுக்கு டெஸ்ட் ரொம்ப முக்கியம். ட்ராவே சிண்ட்ரோம்னு பச்சைக் குழந்தைகளுக்கு வர்ற கடுமையான வலிப்பு இருக்கு. ஷார்லட் ட்ராவேங்கிற பிரெஞ்சு டாக்டர் 1978-ல விவரிச்சது. பெரும்பாலும் எஸ்.சி.என்1ஏ ஜீன்ல வர்ற மாற்றம்தான் காரணம்னு 2001-ல தெரிஞ்சுது. அதுவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பா, அம்மாகிட்ட இருந்து வந்த மாற்றமே கிடையாது, குழந்தைகிட்ட புதுசா உண்டானது! அதாவது, ஜீன்ல இருக்கு, ஆனா பரம்பரை இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு, வழக்கமா குடுக்கிற சில வலிப்பு மாத்திரைகளே வலிப்பை அதிகமாக்கிடும். அங்கே ஜீன் தெரிஞ்சா மருந்தே மாறும். மருந்துக்கு உதவுற ஜீனை யாரும் விசாரிக்கிறது இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்கு உதவுற ஜீனைத்தான் விசாரிக்கிறாங்க!

கிருஷ்ணகிரி மேட்டருக்கு அப்புறம் நான் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். முதல் ரெண்டு நாள், நான் பாத்ரூம் போனா கதவுக்கு வெளியே மூணு பேர் காவல் நின்னானுங்க. இப்போ பழகிட்டாங்க. என் ரூம்மேட் மெக்கானிக்கல். ஞாயித்துக்கிழமை ஆனா, பக்கெட்ல தெர்மாமீட்டரைப் போட்டு, "முப்பத்தாறு டிகிரி, போலாம் ரைட்!"னு விசில் அடிக்கிறான். எனக்கு வந்தா என்ன பண்ணணும்னு அவனுக்கு மனப்பாடம். தலைக்குக் கீழே ஏதாவது மெத்துனு வைக்கணும். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது, தண்ணிகூட. கை, காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாட்ச்சைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. 'சாவி?'ன்னு கேட்டான் ஒரு ஜூனியர். "சாவியை எடுத்து ரூமைப் பூட்டிட்டு ஆம்புலன்ஸ்ல கூட வா"ன்னேன்!

இந்தப் பக்கத்துக்கு மாணவ நிருபரா சேர்ந்ததும், 'சொந்த அனுபவம் எழுது'ன்னு சொன்னாங்க. அக்காகிட்ட கேட்டேன், "இதை எழுதட்டுமா? ஊர் பேரோட?" கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. "உன் தயிர் சாதத்தையும் எழுது"ன்னா. பாட்டிகிட்ட கேட்டேன். "என் தம்பி கதவைத் தட்டினதை எழுதுவியா?"ன்னாங்க. எழுதுவேன்னேன். "அப்போ எழுது."

போன வாரம் ஒசகோட்டையில இருந்து இன்னொரு ஜாதகம் வந்திருக்கு. இந்தத் தடவை அக்காவே ஒரு ஐடியா வச்சிருக்கா. போட்டோ, ஜாதகம், அதுகூட இந்தக் கட்டுரையையும் வெட்டி கவர்ல போட்டு அனுப்பப் போறாளாம். அதனால எடிட்டர் சார், சீக்கிரம் போடுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. நான் வீட்டுலதான் இருப்பேன்!